வில்கோட் கவுண்டி அரசாங்க அதிபர் அவர்களுக்கு

கனகம்மாக்கா இத்தாலியில் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவுக்கு வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. இந்த நகரத்தில் அவருக்குத் தெரிந்த வழிகள் மிகச் சில. போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் அவருடைய அறையிலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து பகேரியாவில் அவர் வேலை செய்யும் வீடு, லீவு நாளில் சாந்தா ரொசாலியா அம்மாவின் மலை. ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு ஒருநாள் போய்க் கடற்கரையில் இருந்துவிட்டு வருவோம் என்று நான் கூப்பிட்டால், "கடல் பார்த்தது காணும் செலஸ்ரீனா" என்று சொல்லிவிடுவார். முள்ளிவாய்க்காலில் கடற்கரையோடு கிடந்தவர் அவர். அதனால் நான் இரண்டாம் தரம் கூப்பிடுவதில்லை.

ஆனால் அமெரிக்காவில் வில்கோட் கவுண்டி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஆறு எந்த இடத்தில் வளைகிறது, எந்தப் பாலத்தை வெள்ளத்துக்கு மூடுவார்கள், கோழித் தொழிற்சாலை எந்தத் தெருவில் இருக்கிறது, பழைய நீதிமன்றக் கட்டடம் எந்த வருடம் எரிந்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அந்த இடத்தை அவர் கண்டதில்லை. அவருடைய ஒரே பிள்ளை மதுசன் அங்கே மறியலில், சிறைக்கம்பிக்குப் பின்னால் இருந்தான்.

கனகம்மாக்கா புதுக்குடியிருப்புப் பக்கத்து ஆள். அவருடைய கணவர் இரத்தினம் அண்ணரை 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பிறகு ஆமிக்காரர் வரிசையிலிருந்து தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பிறகு ஆளைக் காணவில்லை. மதுசனுக்கு அப்போது ஐந்து வயது. கனகம்மாக்கா கணவரின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களுக்குப் போனார். எல்லா இடத்திலும் மனுவை வாங்கி வைத்தார்கள். கடைசியில் பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்தார்.

மகனைக் கூப்பிட இரண்டு தரம் விண்ணப்பித்தார். பிள்ளையை எடுக்க வேண்டுமென்றால், இருக்கிற வீடு ஆட்கள் வாழத் தகுந்தது என்று நகரசபை ஒரு அத்தாட்சித் துண்டு தரவேண்டும். அவருடைய அறைக்கு யன்னல் இல்லை. இரண்டு தரமும் துண்டு கிடைக்கவில்லை. யன்னல் உள்ள அறை தேடித் திரிந்த காலத்திலேயே மதுசனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வயது வந்த பிள்ளையைக் கூப்பிட விடமாட்டார்கள், அதற்குப் பிறகு யன்னல் இருந்தும் பிரயோசனமில்லை. இந்த வருடம் மாசி மாதம் அவன் யாரோ சொன்ன வழியில் வெளிக்கிட்டான். பிரேசில், பிறகு காடு, பிறகு மெக்சிகோ. கனடாவுக்குப் போவதாக எண்ணம். அமெரிக்க எல்லையில் பிடிபட்டான்.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு அவன் தொலைபேசியில் தாயுடன் கதைத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, என்னை வேற இடத்துக்குக் கொண்டு வந்திட்டினம். நவம்பர் பத்தொன்பது வழக்கு. அப்பா காணாமல் போனதுக்குச் செஞ்சிலுவைக்காரர் தந்த துண்டு இருக்கெல்லோ, அது என்ர கையில இருக்கவேணும். இல்லாட்டித் திருப்பி அனுப்பிப் போடுவினம்."

"எந்த இடமடா அது?"

"வில்கோட் கவுண்டி எண்டு காவல்காரன்ர சட்டையில கிடக்கு. வெளியில பைன் மரம்தான் தெரியுது. மரக்குத்தி ஏத்தின லொறி நெடுகப் போகும். ஒரே கோழி நாத்தம் அம்மா. விடிய எழும்பிப் பார்த்தால் கம்பிவேலி முழுக்க இறகு ஒட்டிக் கிடக்கும்."

"சாப்பிட்டியே?"

அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. பிறகு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை.

அங்கே மறியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒன்பது எண் கொண்ட இலக்கம் ஒன்று உண்டாம். அந்த இலக்கம் இல்லாமல் கடிதமும் வாங்கமாட்டார்கள், தொலைபேசியிலும் பதில் சொல்லமாட்டார்கள். இதை என் மகள் அமலினி கணினியில் தேடித்தான் எங்களுக்குச் சொன்னாள். அவளுக்குப் பதினாறு வயது, பள்ளியில் ஆங்கிலம் நன்றாகப் படிக்கிறாள். வில்கோட் கவுண்டியில் மூன்று மறியல்கள் இருந்தன. மூன்றுக்கும் அழைத்தாள். மூன்றிலும் இயந்திரம்தான் கதைத்தது, இலக்கத்தைக் கேட்டது. மதுசனின் பெயரைப் போட்டுத் தேடினால் அப்படி ஆள் இல்லை என்று வந்தது. கனடாவில் இருந்த அவர்களுடைய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரும் போனை எடுப்பதை விட்டுவிட்டார்.

"இலக்கத்தைக் கேட்டிருக்கலாம். சாப்பிட்டியே எண்டு கேட்டன். விசரி நான்" என்று கனகம்மாக்கா ஒரு கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒக்டோபர் முதல் கிழமை ஒருநாள் பின்னேரம், வேலை முடிந்து வந்த கையோடு மேலே ஏறி வந்தார். "பிள்ளை அமலினி, அங்கத்தை அரசாங்க அதிபருக்கு மனுப் போடுவம்" என்றார்.

அமலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்ரி, அமெரிக்காவில அரசாங்க அதிபர் எண்டு ஒராள் இல்லை."

"கவுண்டி எண்டால் எங்கட ஊரில அரசாங்க அதிபர் பாக்கிற மாவட்டம் மாதிரி எண்டு நீதானே சொன்னனீ."

"ஓம்."

"அப்ப கச்சேரி எண்டு ஒரு மாவட்டக் கந்தோர் இருக்குமெல்லோ?"

"கோர்ட் ஹவுஸ் எண்டு ஒண்டு இருக்கு. காணி, கலியாணம், செத்தவீடு எல்லாம் அங்கதான் பதியிறவையாம்."

"அதுதான் கச்சேரி. அங்கை கதிரையில இருக்கிறவருக்கு எழுது."

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். மனு என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பது எங்கள் ஊர்ப்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து தொடங்கவேண்டும். எங்கே பிறந்தோம், யாரைக் கலியாணம் செய்தோம், எந்த எந்த இடத்துக்கு இடம்பெயர்ந்தோம், எந்தத் திகதியில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லவேண்டும். "நடுவில தொடங்கினால் பொய் எண்டு நினைப்பினம்" என்றார் கனகம்மாக்கா. நானும் தலையாட்டினேன். முதல் பக்கத்தின் மூலையில் இரத்தினம் அண்ணரின் படத்தைக் குத்தினோம். மதுசன் மூன்றாம் பக்கத்தில்தான் வந்தான். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு நாங்கள் செபமாலை சொல்லத் தொடங்கினோம். கனகம்மாக்கா சைவம். என்றாலும் பக்கத்தில் வந்து இருப்பார். வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்த்தி வைத்திருந்தார். ஒக்டோபர் முழுவதும் அவர் இரவில் பாணும் தேநீரும் மட்டும்தான் எடுத்தார். மெலிந்துபோனார்.

நவம்பர் நான்காம் திகதி தடித்த உறை ஒன்று வந்தது. மரித்தோர் திருநாள் கழிந்து இரண்டாம் நாள். எங்கள் வீட்டில் இன்னும் கல்லறைக்குக் கொண்டுபோன பூக்களின் மிச்சம் இருந்தது. உறைக்குள் ஒரு கடிதமும், அறுபத்துநான்கு பக்கத்தில் ஒரு புத்தகமும், மடித்த வரைபடமும் இருந்தன. அமலினி கடிதத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"அன்புள்ள திருமதி கனகம்மா. பலேர்மோவிலிருந்து எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் கடிதங்கள் வருகின்றன. நூறு வருடங்களுக்கு முன் இங்கே குடியேறிய உறவினர்களைத் தேடுவோருக்கு உதவுவதில் எமக்கு மகிழ்ச்சி. நீங்கள் குறிப்பிட்ட இரத்தினம் என்பவரை எமது காணி, திருமண, அடக்கப் பதிவேடுகளில் தேடினோம். அந்தப் பெயரில் எவரும் வில்கோட் கவுண்டியில் அடக்கம் செய்யப்படவில்லை. 1884க்கு முந்திய பதிவுகள் தீயில் எரிந்துபோயின என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். எமது கவுண்டியின் சரித்திரமும் பூமிசாத்திரமும் அடங்கிய நூலொன்றை அன்பளிப்பாக இத்துடன் அனுப்புகிறோம்."

கீழே ஒரு பெண்ணின் கையெழுத்து இருந்தது. அவர் முதல் பக்கத்தை மட்டும் வாசித்திருக்கிறார். சிசிலியிலிருந்து பூட்டனைத் தேடி வந்த இன்னொரு கடிதம் என்று நினைத்திருக்கிறார்.

நான் அழுதுவிட்டேன். ஒரு மாதம் போய்விட்டது, பதினைந்து நாள்தான் மிச்சம். கனகம்மாக்கா அழவில்லை. "அந்த ஒரு வரியைத் திருப்பி வாசி பிள்ளை" என்றார்.

அமலினி வாசித்தாள். அந்தப் பெயரில் எவரும் அடக்கம் செய்யப்படவில்லை.

"பதினாறு வருசத்தில அவர் இன்ன இடத்தில இல்லையெண்டு எழுத்தில தந்தது இவைதான்" என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பிறகு புத்தகத்தைக் காட்டி, "இதையும் வாசி. பிள்ளை இருக்கிற இடம்" என்றார்.

எனக்கும் அக்காவுக்கும் ஞாயிறுதான் ஓய்வு. நான் பொலித்தேயாமா பக்கம் படிக்கட்டுக் கழுவுகிறவள், மற்ற நாட்களில் விடியப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவேன். அதனால் ஒன்பதாம் திகதி ஞாயிறு பூசை முடிந்து வந்து மூவரும் குசினி மேசையில் இருந்தோம்.

ஆறு ஒன்று வடக்கிலிருந்து வந்து கவுண்டியை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே மேட்டு நிலம், பைன் காடு. மேற்கே பள்ளம், கறுத்த மண். முதலில் அங்கே செவ்விந்தியர்கள் இருந்தார்கள். ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்களை ஆற்றுக்கு அப்பால் மேற்கே நடக்கவிட்டார்கள்.

"எத்தனை நாள் நடந்தவையாம்?" என்று கனகம்மாக்கா கேட்டார்.

"போடேல்லை அன்ரி."

பிறகு பருத்தி. பருத்தி பறிக்க அடிமைகள். 1860ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின் ஒரு பக்கத்தைப் படமாகப் போட்டிருந்தார்கள். ஆண்டைமாரின் பெயர் மட்டும் இருந்தது. கீழே கீழே அடிமைகளின் வயதுதான்.

"பேர் எழுதேல்லையோ?"

"இல்லை. இஞ்சை பாருங்கோ. ஆண், இருபத்தொரு வயது. அவ்வளவுதான்."

மதுசனுக்கும் இருபத்தொன்று. கனகம்மாக்கா அந்த வரியில் விரலை வைத்தபடி இருந்தார். பக்கத்தைத் திருப்ப அமலினி கொஞ்சம் காத்திருந்தாள்.

பருத்தியைப் பூச்சி தின்றது. பிறகு ஸ்ட்ரோபெரி வந்தது. அதைப் பிடுங்கச் சிசிலியிலிருந்து ஆட்கள் போனார்கள். அதுவும் கைவிட்டுப்போனது. மர ஆலை வந்து காட்டை வெட்டி முடித்துவிட்டு மூடியது. 1968இல் ரயில் நின்றது. இரண்டு பள்ளிக்கூடங்களை ஒன்றாக்கினார்கள். கடைசி அதிகாரத்தில் ஒரு படம். கோட்டுப் போட்ட ஆட்கள் நாடாவை வெட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அது மறியல் திறந்த நாள். அதனால் நானூறு குடும்பங்களுக்கு வேலை கிடைத்ததாம். இப்போது சனத்தொகை பதினோராயிரம். அதில் மூவாயிரம் பேர் மறியல்காரர், அவர்களையும் சேர்த்துத்தான் கணக்கு.

"அப்ப என்ர பிள்ளையும் அந்த ஊர்ச் சனம்" என்றார் கனகம்மாக்கா. பகிடிக்குச் சொல்லவில்லை.

பிறகு வரைபடத்தை விரித்தோம். அவர்தான் முதலில் கேட்டார்: "கோழி எங்கை கிடக்கு?"

தேடினோம். ஒன்பதாம் இலக்கத் தெருவில் கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. மரக்குத்தி ஏற்றும் தளமும் அதே தெருவில்தான். மூன்று மறியல்களில் இரண்டு ஆற்றுக்கு மேற்கே, பைன் மரமே இல்லாத பக்கத்தில் இருந்தன. மூன்றாவது, அந்தக் கோழித் தொழிற்சாலையின் பின்வளவில்.

"அன்ரி, இதுதான்" என்றாள் அமலினி.

கனகம்மாக்கா வரைபடத்தில் அந்த இடத்தைப் பிள்ளையின் தலையைத் தடவுவதுபோலத் தடவினார். எந்தச் சிறை என்று தெரிந்துவிட்டது. ஆனால் இலக்கம் இல்லை. கதவு எது என்று தெரிந்தும் தட்ட முடியவில்லை. அமலினி அன்றைக்கே அந்த இடத்துக்கு ஏழு தரம் அழைத்தாள். ஏழு தரமும் இயந்திரம்.

கிழமை நாளில் கனகம்மாக்கா புத்தகத்தைப் பகேரியாவுக்குக் கொண்டுபோனார். அவர் அங்கே பராமரிக்கும் வீட்டம்மா சிஞ்ஞோரா பீனாவுக்கு எண்பத்தெட்டு வயது. நடக்கமாட்டார், ஆனால் வாய் நல்ல பலம். பூதக்கண்ணாடியை வைத்து ஸ்ட்ரோபெரிக்காரரின் பக்கத்தைப் பார்த்தவர், அங்கிருந்த பெயர்ப்பட்டியலில் ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சொன்னாராம். இது எங்கள் தெரு, இது மீன்காரர் குடும்பம், இவன் பெண்சாதியை விட்டுவிட்டு ஓடினவன் என்று. அந்தப் பகேரியாக்காரர்கள் 1911இல் அங்கே புனித சூசையப்பருக்கு ஒரு கோவில் கட்டியிருந்தார்கள். கோவிலின் தொலைபேசி எண் படத்துக்குக் கீழே இருந்தது.

"இவையிட்டைக் கேள்" என்றாராம் சிஞ்ஞோரா. "நூறு வருசமாய் ஒரு கடிதம் போடாமல் இருந்ததுக்கு இப்ப ஒரு உதவியாவது செய்யட்டும். பீனா சொன்னவ எண்டு சொல்லு."

கனகம்மாக்கா இதை வந்து சொன்னது வெள்ளிக்கிழமை. அமலினி உடனே எடுத்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. சனிக்கிழமையும் அப்படித்தான். நாட்டுப்புறக் கோவில், பூசை நாளில் மட்டும்தான் ஆள் இருக்கும்போல. பதினாறாம் திகதி ஞாயிறு எங்கள் நேரம் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு பெண் எடுத்தார். டோரதி என்று பெயர். கோவிலில் பூ வைக்க வந்தவர். எழுபது வயதுக்கு மேல். இத்தாலி மொழி தெரியாது. ஆனால் பகேரியா என்றதும் குரல் மாறிவிட்டது என்றாள் அமலினி. தன் பாட்டனார் அந்த ஊர்தானாம்.

அமலினி இந்த முறை பிறந்ததிலிருந்து தொடங்கவில்லை. புதன்கிழமை வழக்கு, ஒரு பொடியன், ஒரு துண்டு, கோழித் தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள இடம் என்று நான்கு வசனத்தில் சொன்னாள். துண்டைப் படம் எடுத்து அனுப்பினாள். டோரதி அம்மா தன் மருமகள் அங்கேதான் வேலை செய்கிறாள் என்றாராம். இந்தக் கவுண்டியில் எல்லாருக்கும் அங்கே ஒரு சொந்தம் வேலை செய்யும், நாளைக் காலை நானே போகிறேன் என்றாராம்.

திங்கட்கிழமை கனகம்மாக்கா வேலைக்குப் போகவில்லை. அவர் வேலைக்குப் போகாத நாளை நான் கண்டதில்லை. எங்கள் குசினிக் கதிரையில் தொலைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார். நான் படிகளைக் கழுவிக்கொண்டே சூசையப்பரை மன்றாடினேன். பிள்ளையைத் தேடி அலைந்த தகப்பன் அவர். அவருக்கு விளங்கும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் டோரதி அம்மா அழைத்தார். அமலினி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மதுசன் அந்த இடத்தில்தான் இருந்திருக்கிறான். கோழித் தொழிற்சாலைக்குப் பின்னால், ஒன்பதாம் இலக்கத் தெருவில். நாங்கள் பிடித்தது சரி. போன வியாழக்கிழமை நாற்பது பேரோடு அவனைப் பேருந்தில் ஏற்றி வேறு மாநிலத்தில் பெல்ற்றன் கவுண்டி என்ற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இடம் மாறியதால் புதன்கிழமை வழக்கும் நடக்காது. புதுத் திகதி இன்னும் போடவில்லை. மருமகளிடமிருந்து டோரதி அம்மா இலக்கத்தை வாங்கித் தந்தார். ஒன்பது எண். அமலினி அதைப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதினாள்.

"போன வியாழன் எண்டால் எத்தனை நாள்?" என்று கனகம்மாக்கா கேட்டார்.

"ஐஞ்சு நாள் அன்ரி."

"நாங்கள் வாசிச்சுக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அங்கைதான் இருந்தவன்."

முதல் ஞாயிறே கோவில் படத்துக்குக் கீழ் இருந்த எண்ணைப் பார்த்து அழைத்திருந்தால் என்று எனக்குள் எழுந்தது. இன்றைக்கும் எழுகிறது. அவர் கீழே போய்ப் படுத்தார். அந்த யன்னல் இல்லாத அறையில் விளக்குப் போடாமல் கிடந்தார். நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் அது அப்படியே இருந்தது. "அக்கா, வழக்கு முடியேல்லை, தள்ளித்தான் போயிருக்கு" என்றேன். "தள்ளித் தள்ளித்தானே அவரையும் கொண்டுபோனவங்கள்" என்றார். பக்கத்தில் இருந்து செபம் சொன்னேன்.

வியாழக்கிழமை பின்னேரம் தானாகவே மேலே ஏறி வந்தார்.

"அமலினி, பெல்ற்றனுக்கும் கச்சேரி இருக்குமெல்லோ?"

"அன்ரி, இப்ப இலக்கம் இருக்கு. மறியலுக்கே நேர அனுப்பலாம். துண்டை இண்டைக்கே அனுப்புவம்."

"அதையும் அனுப்பு. இதையும் எழுது. எத்தனை கந்தோருக்கு மனுப் போட்டிருப்பன். எனக்குப் பதில் போட்டது ஒரு கச்சேரிதான்."

அமலினி பேனையை எடுத்தாள். "எங்கயிருந்து தொடங்கிறது?"

கனகம்மாக்கா பையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்து மேசையில் வைத்தார். கணவரின் படம் ஓரமெல்லாம் தேய்ந்து வெள்ளையாகிப்போனது. மகனின் படம் புதுசு.

"மதுசனிலயிருந்து."

"இரத்தினம் மாமா?"

"அவரைக் கடைசிப் பக்கத்தில எழுது" என்று சொல்லி மகனின் படத்தை முதல் தாளின் மூலையில் தானே குத்தினார். "அவர் பொறுப்பார்."

இதை எழுதும் இன்றைக்கு டிசம்பர் ஏழாம் திகதி. மதுசனிடமிருந்து அழைப்பு வரவில்லை. பெல்ற்றனிலிருந்தும் பதில் இல்லை. அந்தக் கவுண்டியின் பூமிசாத்திரத்தை அமலினி கணினியில் தேடி எடுத்துத் தந்தாள். மலைப்பாங்கான இடம், குளிர்காலத்தில் பாதை மூடுமாம். அங்கே கோவில் எங்கே இருக்கிறது, அதில் மணி அடிக்கிறவர் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் எவருக்காவது அந்தத் திசையில் ஓர் ஆளைத் தெரிந்திருந்தால் போர்கோ வெக்கியோவுக்கு வந்து எங்களிடம் சொல்லுங்கள். மதுசனின் இலக்கம் இப்போது எங்களிடம் இருக்கிறது.